தென்படாத சிரைகளில் அல்ட்ராசவுண்ட் துணையுடன் கேனுலா செலுத்துதல்: முழுமையான வழிகாட்டி

டூர்னிகெட் (கையை இறுக்கிச் சிரையைப் புடைக்கச் செய்யும் பட்டை) கட்டியும் கண்ணுக்குத் தெரியாத, விரலால் தடவியும் அகப்படாத சிரைகளில் அல்ட்ராசவுண்ட் கருவியின் துணையுடன் கேனுலா செலுத்தும் முறையை இக்கட்டுரை படிப்படியாக விளக்குகிறது. வழக்கமான முறையில் கேனுலா போடத் தெரிந்து, புரோப்பை (தோல்மேல் வைத்துப் படம் பார்க்கும் அல்ட்ராசவுண்ட் கைப்பகுதியை) இப்போதுதான் கையில் எடுக்கும் பணி மருத்துவர்களையும் செவிலியர்களையும் மனத்தில் கொண்டு எழுதப்பட்டது.

புதிதாகப் பழகுபவர்கள் தவறும் இடங்கள் பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று, ஊசி தோலைத் தொடுவதற்கு முன் சிரையைத் தேர்ந்தெடுப்பது. மற்றொன்று, கேனுலாவின் பின்அறையில் ரத்தம் எட்டிப்பார்த்த பிறகு வரும் சில நொடிகள். அவ்விரண்டையும் விரிவாகவும், மற்றவற்றைத் தேவையான அளவுக்கும் சொல்லியிருக்கிறேன். கீழே ‘ஊசி’ என்பது உள்ளிருக்கும் உலோக ஊசியையும், ‘கேனுலா’ என்பது அதன்மேல் உறையாக இருக்கும், சிரைக்குள் தங்க வேண்டிய மென்குழாயையும் குறிக்கும்.

1. யாருக்கு இந்த முறை, யாருக்கு வேண்டாம்

உடல் பருமன், கை முழுதும் நீர் கோத்த வீக்கம், பலமுறை கீமோதெரபி, நீண்ட நாள் மருத்துவமனை வாசம், போதை ஊசிப் பழக்கம் ஆகியவற்றால் மேல்தோல் சிரைகள் கெட்டுப்போனவர்களுக்கு இந்த முறை பயன்படும். ‘எனக்கு எப்போதும் நான்கைந்து குத்துக் குத்துவார்கள்’ என்று நோயாளியே சொன்னால், அதையே போதுமான காரணமாக எடுத்துக்கொள்ளலாம். தெரிந்த இடங்களையெல்லாம் குத்திப் பார்த்துவிட்டுக் கடைசியில் கருவியைத் தேடுவது வழக்கமாக இருக்கிறது. அதற்குள் நல்ல சிரைகளைச் சுற்றி ரத்தக்கட்டு உண்டாகியிருக்கும். திரையில் படமும் கலங்கித் தெரியும். ஆகவே கருவியை முதலிலேயே எடுத்து வாருங்கள்.

மூன்று நிலைகளில் நின்று யோசிக்க வேண்டும். இதயம் நின்றவருக்கும் கடும் அதிர்ச்சி நிலையில் இருப்பவருக்கும் சிரை தேடி நிமிடங்களைக் கழிக்கக் கூடாது. அங்கே எலும்பு மஜ்ஜை வழி ஊசிதான் விரைவான பாதை. நாட்பட்ட சிறுநீரக நோயாளிக்கு முன்கையிலும் மேற்கையிலும் உள்ள சிரைகள் பின்னாளில் டயாலிசிஸுக்கான ஃபிஸ்டுலா (தமனியையும் சிரையையும் இணைக்கும் வழி) அமைக்கத் தேவைப்படும் என்பதால், அவற்றைக் குத்தாமல் புறங்கையில் தேட வேண்டும். ஏற்கெனவே ஃபிஸ்டுலா உள்ள கையைத் தொடவே கூடாது. மார்பகப் புற்றுநோய்க்காக அக்குள் நிணநீர்க் கணுக்கள் அகற்றப்பட்ட பக்கத்தையும் கூடியவரை தவிர்த்து, மறு கையையே பாருங்கள்.

சிரையை எரிக்கக்கூடிய கீமோ மருந்துகளோ, ரத்த அழுத்தத்தை உயர்த்தும் மருந்துகள் பல மணி நேரமோ செல்ல வேண்டியிருந்தால், ஆழச் சிரையில் போடும் கேனுலாவை நம்ப வேண்டாம். ஆழத்தில் மருந்து வெளியே கசிந்தால் தோலில் வீக்கம் தெரிய நேரமாகும். தெரியும்போது சேதம் ஏற்பட்டிருக்கும். அத்தகையவர்களுக்கு மையச் சிரை வழியைப் பற்றி மூத்த மருத்துவரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்.

2. முன்கூட்டியே முடிக்க வேண்டியவை

இந்தியாவில் அல்ட்ராசவுண்ட் கருவிகள், கையடக்கமானவையும் உட்பட, கருவில் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டின் பி.சி.பி.என்.டி.டி. சட்டத்தின்கீழ் வருகின்றன. சிரை பார்க்கத்தானே என்று பதிவில்லாத கருவியை வார்டுக்குள் கொண்டுவர முடியாது. உங்கள் பிரிவுக் கருவியின் பதிவு, அதை இயக்க அனுமதி பெற்றவர்கள் யார், கருவியை எந்தெந்த இடங்களுக்கு எடுத்துச் செல்லலாம் என்பவற்றை நிர்வாகத்திடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்ட பிறகே பழகத் தொடங்குங்கள்.

முதல் குத்து நோயாளியின் கையில் இருக்கக் கூடாது. எலும்பு நீக்கிய கோழி நெஞ்சுக்கறிக்குள் நீர் நிரப்பிய நீளமான பலூனைச் செருகினால் நல்ல பயிற்சித் துண்டு கிடைத்துவிடும். ஊசி முனையைத் திரையில் தொடரும் பழக்கம் அதில் கைவந்த பிறகு, அனுபவமுள்ளவர் அருகில் நிற்க நோயாளிக்குச் செய்யலாம். பயிற்சிக்குப் பயன்படுத்திய புரோப்பை நன்றாகத் துடைத்துக் கிருமிநீக்கம் செய்வதை மறக்க வேண்டாம்.

நோயாளியிடம் போகும்போது டிரேயில் இருக்க வேண்டியவை: இரண்டு அளவுகளில் நீளமான கேனுலா, கிருமியற்ற ஜெல் பொட்டலம், புரோப்புக்குக் கிருமியற்ற உறை, டூர்னிகெட், ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்ஸிடின் கிருமிநாசினி, மரத்துப்போகச் செய்யும் 1 சதவீத லிக்னோகெயின் சிறிய சிரிஞ்சில், சலைன் நிரப்பிய 10 மி.லி. சிரிஞ்ச், சலைன் ஏற்றிய இணைப்புக் குழாய், காஸ், ஒளி ஊடுருவும் ஒட்டுப்படலம், கூர்முனைக் கழிவுப் பெட்டி. எல்லாவற்றையும் பிரித்து, கையெட்டும் தூரத்தில், பயன்படுத்தும் வரிசையிலேயே வையுங்கள். இடக்கை புரோப்பிலும் வலக்கை ஊசியிலும் மாட்டிக்கொண்ட பிறகு பொட்டலம் கிழிக்க மூன்றாவது கை கிடையாது.

ஜெல் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. வார்டில் மாதக்கணக்கில் திறந்திருக்கும் பெரிய ஜெல் பாட்டிலைத் தோலைத் துளைக்கும் வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது. அசுத்தமான ஜெல்லினால் பர்கோல்டேரியா கிருமி நோயாளிகளின் ரத்தத்தில் பரவிய நிகழ்வுகள் மருத்துவ உலகில் பதிவாகியுள்ளன.

3. கருவியையும் உங்கள் இருப்பையும் அமைத்தல்

நேர்கோட்டுப் புரோப்பை, அதாவது தட்டையான முகம் கொண்ட உயர் அதிர்வெண் புரோப்பை, தேர்ந்தெடுங்கள். வயிற்றுக்குப் பயன்படும் வளைந்த புரோப் ஆழத்தைக் காட்டும். தோலுக்கு அருகில் உள்ள நுணுக்கத்தைக் காட்டாது.

ஆழ அமைப்பை முதலில் 3 செ.மீ. அளவில் வைத்து, பின்பு சிரை திரையின் நடுப்பகுதியில் வரும்படி திருத்துங்கள். ஆழம் 6 அல்லது 7 செ.மீ. என்று முந்தைய பயனாளர் விட்டுச் சென்றபடியே இருந்தால், சிரை திரையின் உச்சியில் ஒரு சிறு புள்ளியாகச் சுருங்கிவிடும். ஊசி முனை அதற்குள் இருக்கிறதா, மேலே இருக்கிறதா என்று பிரித்தறிய முடியாது. சிரையின் உட்பகுதி கறுப்பாகவும் சுற்றுத் தசை சாம்பல் நிறமாகவும் தெரியும் அளவுக்குக் கெயினை (படத்தின் வெளிச்ச அளவை) குறையுங்கள்.

புரோப்பின் ஓரத்தில் உள்ள குறி உங்கள் இடப்பக்கம் இருக்க, திரையின் குறியும் இடப்பக்கம் இருக்க வேண்டும். ஜெல் தடவிய புரோப்பின் ஓர் ஓரத்தை விரலால் தொட்டு, திரையில் அதே பக்கம் அசைகிறதா என்று பாருங்கள். இதைச் செய்யத் தவறினால் ஊசியை வலப்பக்கம் திருத்தும் ஒவ்வொரு முறையும் அது இடப்பக்கம் விலகும்.

நோயாளியின் கையை வெளிப்புறமாக விரித்து, உறுதியான பலகையிலோ மடித்த போர்வையிலோ வையுங்கள். திரை, குத்தும் இடம், உங்கள் கண் மூன்றும் ஒரே நேர்கோட்டில் அமைவது முக்கியம். கருவி முதுகுக்குப் பின்னால் இருந்தால், திரையைப் பார்க்கத் தலை திரும்பும்போதெல்லாம் கையும் கூடவே திரும்பும். முடிந்தவரை உட்கார்ந்து செய்யுங்கள். குனிந்து நிற்பவரின் கை விரைவில் நடுங்கத் தொடங்கும்.

4. ஊசி இல்லாமல் முதல் ஆய்வு

இந்தப் படியில் செலவிடும் ஐந்து நிமிடம் வீணல்ல. தோல்வியடைந்த குத்துகள் பலவற்றைத் திரும்பிப் பார்த்தால், ஊசி பிடித்த கையைவிடச் சிரையைத் தேர்ந்தெடுத்த முடிவில்தான் குறை தெரியும்.

டூர்னிகெட்டை அக்குளுக்கு அருகில், மேற்கையில் உயரமாகக் கட்டுங்கள். தேடும் பகுதி முழுதும் அதற்குக் கீழே இருக்க வேண்டும். புரோப்பைக் கைக்குக் குறுக்காக வைத்து, முதலில் முன்கை முழுவதையும், பிறகு முழங்கைக்கு மேலுள்ள பகுதியையும் மெதுவாகத் தடவிப் பாருங்கள். பலர் நேரே மேற்கையின் உட்புறத்துக்குத் தாவிவிடுகிறார்கள். முன்கையிலேயே, கண்ணுக்குத் தெரியாத ஆனால் அரை செ.மீ. ஆழத்தில் இருக்கும் நல்ல சிரை பலருக்கும் உண்டு. அது கிடைத்தால் மேற்கைச் சிரையைவிட அதுவே நல்லது. கேனுலா நிலையாக நிற்கும், கசிவும் விரைவில் கண்ணுக்குத் தெரியும். முழங்கை மடிப்பைத் தவிர்ப்பது நல்லது. கையை மடக்கும்போதெல்லாம் அங்கே கேனுலா நெளியும்.

இங்கே புதியவர்களின் கையை அருகிலிருந்து கவனிக்க வேண்டும். ‘இந்தக் கையில் சிரையே இல்லை’ என்று சொல்பவரிடம், புரோப்பைச் சற்றே, ஒரு காகிதத்தின் கனத்துக்குத் தூக்குங்கள் என்று சொன்னால், அதுவரை சாம்பல் நிறமாக இருந்த இடத்தில் ஒரு கறுப்புக் கீற்று தோன்றி, நீள்வட்டமாகி, வட்டமாகத் திறந்துகொள்ளும். சிரை அங்கேயே இருந்தது; புரோப்பின் எடை அதை நசுக்கி வைத்திருந்தது. சுண்டுவிரலையும் உள்ளங்கையின் ஓரத்தையும் நோயாளியின் கைமேல் ஊன்றிக்கொண்டு, புரோப் ஜெல்லின்மேல் மிதக்கும்படி பிடிப்பதே இதற்குத் தீர்வு.

கறுப்பு வட்டம் கிடைத்ததும் அது சிரைதானா என்று சோதியுங்கள். மெல்ல அழுத்தினால் சிரையின் இரு சுவர்களும் முழுமையாக ஒட்டிக்கொள்ளும். தமனி தடித்த சுவருடன், துடித்துக்கொண்டு, அழுத்தத்தை எதிர்த்து நிற்கும். ரத்த அழுத்தம் மிகக் குறைந்த நோயாளியிடம் தமனியும் ஓரளவு நசுங்கும். தமனிக்கு அருகில் உள்ள சிரை அதன் துடிப்பை வாங்கித் தானும் அசையும். ஐயம் இருந்தால் வண்ண டாப்ளரை (ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் வசதியை) இயக்கிப் பாருங்கள். வண்ணத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம். சிவப்பும் நீலமும் ரத்தம் புரோப்பை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்பதைத்தான் காட்டும். துடிப்போடு வந்து வந்து மறைகிறதா என்பதையே பாருங்கள்.

அழுத்தினாலும் மூடாமல், உட்புறம் கலங்கிச் சாம்பலாகத் தெரியும் சிரையில் ரத்தக்கட்டு இருக்கலாம். அதை விட்டுவிடுங்கள். முன்பு கேனுலா இருந்த இடங்களில் இது அடிக்கடி காணப்படும்.

மேற்கைக்குப் போக வேண்டியிருந்தால், உட்புறத்தில் உள்ள பசிலிக் சிரையைத் தேடுங்கள். பெரும்பாலும் அது பெரிய தமனியின் துணையில்லாமல் தனியே ஓடும். அதைவிட ஆழத்தில் பிரேக்கியல் தமனியும் அதன் இருபுறமும் ஒட்டிய இரண்டு சிறு சிரைகளும் மூன்று வட்டங்களாகத் தெரியும்; அருகிலேயே மீடியன் நரம்பு, உள்ளே கறுப்புப் புள்ளிகள் கொண்ட வெண்மையான வட்டமாக, தேன்கூட்டைப் போலத் தோன்றும். அந்தச் சிறு சிரைகளை நோக்கிக் குத்துவது தமனிக்கும் நரம்புக்கும் இடையே ஊசியை நுழைப்பதாகும். அனுபவம் பெறும்வரை அங்கே போக வேண்டாம் என்பதே என் கருத்து.

சிரை முடிவானதும், புரோப்பைத் தோள் பக்கமாகக் குறைந்தது 5 செ.மீ. நகர்த்தி, அது எந்தத் திசையில் ஓடுகிறது, எங்கே வளைகிறது, எங்கே குறுகுகிறது, வால்வு தெரிகிறதா என்று பாருங்கள். நகர்த்தும்போது சிரை திரையின் நடுவிலேயே இருந்தால் புரோப்பும் சிரையும் செங்குத்தாக அமைந்துள்ளன. ஓரத்துக்கு விலகினால் புரோப்பின் கோணத்தைத் திருத்துங்கள். சிரையின் பாதையைத் தோலில் இரண்டு இடங்களில் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். ஊசியை அந்த இரண்டு குறிகளின் நேர்கோட்டில் செலுத்தினால் பக்கவாட்டில் விலகும் தொல்லை பாதி குறைந்துவிடும்.

5. நீளக் கணக்கு

திரையில் இரண்டு அளவுகளை எடுங்கள்: சிரையின் விட்டம், தோலிலிருந்து சிரையின் மேல்சுவர் வரையிலான ஆழம்.

விட்டம் கேனுலாவின் வெளி விட்டத்தைப் போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும். கேஜ் என்பது கேனுலாவின் பருமன் எண்; எண் கூடக் குழாய் மெலியும். பச்சை நிற 18 கேஜ் கேனுலாவின் வெளி விட்டம் ஏறத்தாழ 1.3 மி.மீ. என்பதால் 4 மி.மீ. சிரை தேவை, இளஞ்சிவப்பு நிற 20 கேஜுக்கு அதைவிடச் சற்றுக் குறைந்தாலும் போதும். டூர்னிகெட்டைத் தளர்த்திய பிறகு இந்த அளவை எடுப்பது சரியானது. பிற்பாடு கேனுலா தங்கப்போவது கட்டு இல்லாத சிரையில்தான். அதைச் சுற்றி ரத்தம் ஓட இடமில்லாவிட்டால் உறைந்துபோகும்.

ஆழம் 1.5 செ.மீ.க்கு மேல் இருந்தால் வேறு சிரை தேடுங்கள். காரணம் எளிய கணிதம். 45 பாகைக் கோணத்தில் ஊசி செல்லும்போது, ஆழத்தைப் போல 1.4 மடங்கு நீளம் தசையைக் கடப்பதிலேயே செலவாகும். 30 பாகையில் இரண்டு மடங்கு செலவாகும். மீதமுள்ள நீளமே சிரைக்குள் தங்கும். கேனுலாவின் மொத்த நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு சிரைக்குள் இருக்க வேண்டும் என்பது நல்ல இலக்கு.

வார்டில் கிடைக்கும் 20 கேஜ் கேனுலா பெரும்பாலும் 32 மி.மீ. நீளம் கொண்டது. 1 செ.மீ. ஆழத்தில் உள்ள சிரைக்கு 45 பாகையில் அதைச் செலுத்தினால் 14 மி.மீ. வழியிலேயே போய்விடும், உள்ளே தங்குவது 18 மி.மீ., அதாவது பாதியைவிடச் சற்றே அதிகம். அதே சிரைக்கு 45 மி.மீ. நீளமுள்ள 18 கேஜைப் பயன்படுத்தினால் 31 மி.மீ. உள்ளே தங்கும். சிரை 1.5 செ.மீ. ஆழத்தில் இருந்தால் 32 மி.மீ. கேனுலாவில் சிரைக்குள் 11 மி.மீ. மட்டுமே மிஞ்சும். போட்ட அன்று அது நன்றாகவே ஓடும். இரவில் நோயாளி கையைத் தூக்கும்போது தோலும் கொழுப்பும் இழுபட்டு, முனை சிரையை விட்டு வெளியே வந்துவிடும். காலையில் கை வீங்கியிருப்பதைக் கண்டு ‘சிரை உடைந்துவிட்டது’ என்று எழுதுவார்கள்.

கேனுலாவின் நீளம் உறையிலேயே அச்சிடப்பட்டிருக்கும். நிறத்தைப் பார்ப்பதோடு அதையும் படியுங்கள். 25 மி.மீ. நீளமுள்ள நீல நிற 22 கேஜ், இந்த வேலையில் அரை செ.மீ.க்கும் குறைந்த ஆழத்தில் உள்ள சிரைகளுக்கு மட்டுமே பொருந்தும்.

6. சுத்தம் செய்தலும் மரத்துப்போகச் செய்தலும்

ஆய்வுக்குப் பயன்படுத்திய ஜெல்லை முழுதும் துடைத்துவிட்டு, குளோர்ஹெக்ஸிடினால் 30 நொடி தேய்த்து, தானாக உலரும்வரை காத்திருங்கள். ஈரம் உலரும்போதுதான் கிருமிநீக்கம் முழுமையடைகிறது. ஊதி உலர்த்துவது செய்த வேலையைக் கெடுக்கும். புரோப்பின் முகத்தில் சிறிது ஜெல் வைத்து உறையை இழுத்துப் போடுங்கள். இடையே காற்றுக் குமிழி சிக்கினால் படத்தில் கறுப்புக் கோடுகள் விழும். அதன்மேல் கிருமியற்ற ஜெல்லைச் சிறிதளவு மட்டும் இடுங்கள். ஜெல் வழிந்தால் ஊசி பிடிக்கும் விரல் வழுக்கும்.

மருந்து ஒவ்வாமை உண்டா என்று கேட்டறிந்த பிறகு, குத்தும் இடத்தில் தோலுக்கடியில் அரை மி.லி. லிக்னோகெயின் கொடுங்கள். ஆழமான சிரைக்கு ஊசி மெதுவாகச் செல்ல வேண்டியிருப்பதால் வலி வழக்கத்தைவிட நீடிக்கும். வலியில் கை அசைந்தால் எல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். சிரிஞ்சில் உள்ள காற்றை முழுதும் வெளியேற்றிவிடுங்கள். தோலுக்கடியில் ஒரு குமிழி நுழைந்தாலும் அதற்குக் கீழே உள்ள அனைத்தும் நிழலில் மறைந்துபோகும்.

டூர்னிகெட்டை இப்போதுதான் மறுபடி இறுக்க வேண்டும். ஆய்வின்போது கட்டியதை அப்படியே வைத்திருந்தால் கை மரத்து, நோயாளி பொறுமையிழப்பார்.

7. குத்துதல்: முனையைத் தொடர்தல்

குறுக்கு வெட்டுத் தோற்றத்தில், அதாவது சிரை வட்டமாகத் தெரியும் நிலையில், தொடங்குங்கள். நெடுக்கு வெட்டுத் தோற்றத்தில் ஊசி முழுதும் தெரியும் என்றாலும், கருவி காட்டுவது மிக மெல்லிய ஒரு தளத்தை மட்டுமே. புரோப் ஓர் இழை விலகினாலும் சிரைக்குப் பதில் பக்கத்துத் தமனி திரையில் வந்து நிற்கும், இரண்டும் நெடுக்கில் ஒன்றுபோலவே தோன்றும். சிறிய, நெளியும் சிரைகளுக்குக் குறுக்குத் தோற்றமே ஏற்றது.

சிரையைத் திரையின் நடுக்கோட்டில் நிறுத்துங்கள். ஊசியின் சாய்ந்த வாய் மேல்நோக்கி இருக்க, புரோப்பின் நடுப்புள்ளிக்கு நேராக, அதற்குச் சில மி.மீ. முன்னால், 45 பாகையில் தோலைத் துளையுங்கள். தோலைத் துளைக்கும் அந்தக் கணத்தில் கண் கையைப் பார்க்க வேண்டும். துளைத்து முடித்ததும் கண் திரைக்குப் போக வேண்டும்.

இப்போது ஊசியை மேலும் செலுத்தாதீர்கள். தோலுக்கு அடியில் அரை செ.மீ. ஆழத்தில் முனை எங்கே இருக்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். புரோப்பை மெல்ல முன்னும் பின்னும் சாய்த்தால், ஓரிடத்தில் பளிச்சென்ற வெண்புள்ளி தோன்றும். அது முனையாகவும் இருக்கலாம், ஊசியின் நடுத்தண்டாகவும் இருக்கலாம். குறுக்கு வெட்டில் இரண்டும் ஒரே புள்ளியாகத்தான் தெரியும். தண்டை முனை என்று நம்பி ஊசியைச் செலுத்துபவரின் உண்மையான முனை, திரைக்கு வெளியே, சிரையையும் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும். தமனிக் குத்தும் பின்சுவர்த் துளையும் நேர்வது பெரும்பாலும் இப்படித்தான்.

வேறுபடுத்த வழி உண்டு. ஊசியை அசைக்காமல் புரோப்பை மட்டும் தோள் பக்கமாக நகர்த்துங்கள். புள்ளி மறையும் இடமே முனைக்குச் சற்று அப்பாலான இடம். அங்கே புரோப்பை நிறுத்தி, ஊசியை ஓரிரு மி.மீ. செலுத்துங்கள்; புள்ளி மீண்டும் தோன்றும். இப்போது நீங்கள் பார்ப்பது நிச்சயமாக முனை. மறுபடி புரோப்பை நகர்த்தி மறையச் செய்யுங்கள், ஊசியைச் செலுத்தித் தோன்றச் செய்யுங்கள். இந்த ஒரே சுழற்சியைச் சிரை வரும்வரை திரும்பத் திரும்பச் செய்வதுதான் முழு வித்தையும்.

புரோப் நகரும்போது ஊசி நிற்க வேண்டும். ஊசி நகரும்போது புரோப் நிற்க வேண்டும். இரண்டையும் சேர்த்து நகர்த்தினால் எதனால் படம் மாறியது என்று தெரியாது. முனை திரையில் தெரியாத நேரத்தில் ஊசி ஒரு மி.மீ. கூட முன்னேறக் கூடாது. தொலைந்துவிட்டால், குருட்டாம்போக்கில் துழாவாமல், முனை தெரியும் ஆழம்வரை ஊசியைப் பின்னிழுத்து, அங்கிருந்து தொடருங்கள்.

புள்ளி நடுக்கோட்டை விட்டு விலகினால் ஆழத்தில் வைத்தே பக்கவாட்டில் வளைக்கப் பார்க்காதீர்கள். தோலுக்கு அருகில்வரை இழுத்துத் திசையைத் திருத்திவிட்டு மறுபடி செலுத்துங்கள். ஆழத்தில் வளைத்தால் தோலும் தசையும் சேர்ந்து நகரும். முனை இருந்த இடத்திலேயே இருக்கும்.

சிரையின் மேல்சுவரை முனை தொடும்போது சுவர் உள்நோக்கிக் குழியும். அங்கே தயங்கித் தயங்கித் தள்ளினால் மேல்சுவர் கீழ்ச்சுவரில் ஒட்டி, ஒரே தள்ளலில் இரண்டையும் துளைத்துவிடும். சிறிய, உறுதியான ஓர் உந்தல் போதும். சுவர் சட்டென்று மேலெழுந்து பழைய வட்டத்துக்குத் திரும்பும், வட்டத்தின் நடுவே வெண்புள்ளி நிற்கும்.

8. ரத்தம் எட்டிப்பார்த்த பிறகு

வழக்கமான முறையில் பழகிய கைக்கு, பின்அறையில் ரத்தம் தெரிந்ததும் கேனுலாவைத் தள்ளிவிட வேண்டும் என்ற துடிப்பு எழும். திரையிலிருந்து கண் விலகும், புரோப் கீழே வைக்கப்படும், கேனுலா தள்ளப்படும், அது போகாது. ஊசியின் முனை கேனுலாவின் முனையைவிடச் சற்று நீண்டிருப்பதால், ஊசிவழி ரத்தம் வரும்போது கேனுலா இன்னும் சிரைச் சுவருக்கு வெளியேதான் நின்றுகொண்டிருக்கக்கூடும். ஆழமில்லாத சிரையில் இந்தச் சிறு வேறுபாடு பொருட்டாகாது. இங்கே செங்குத்தான கோணமும் சேர்வதால், தள்ளிய கேனுலா சுவரை முட்டி மடங்கும்.

மறுபுறம், முனை சிரைக்குள் தெரிந்தும் ரத்தம் வராமல் இருக்கலாம். சுவரின் உட்படலம் முனைமேல் கூடாரம்போல் இழுபட்டு நிற்கும். ஆகவே ரத்தத்தைச் சான்றாக வைத்துக்கொள்ளுங்கள். வழியைத் திரைதான் காட்ட வேண்டும்.

ரத்தம் வந்ததும் செய்ய வேண்டியது இதுதான். புரோப் அதே இடத்தில் இருக்கட்டும். ஊசியின் பின்பகுதியைத் தோலை நோக்கித் தாழ்த்தி, கோணத்தை 20 பாகைக்குக் கீழே கொண்டுவாருங்கள். வெண்புள்ளி வட்டத்தின் நடுவுக்கு எழும். முன்போலவே புரோப்பை நகர்த்தி, புள்ளி மறைந்து தோன்றும் சுழற்சியைச் சிரைக்கு உள்ளேயே தொடர்ந்து, முனையை இன்னும் 1 செ.மீ. அளவுக்கேனும் முன்னே கொண்டுசெல்லுங்கள். ஒவ்வொரு படியிலும் புள்ளி வட்டத்தின் நடுவில், எந்தச் சுவரையும் தொடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். கீழ்ச்சுவரை நெருங்கினால் ஊசியின் பின்பகுதியை மேலும் தாழ்த்துங்கள். பக்கச் சுவரை நெருங்கினால் அப்பக்கத்திலிருந்து விலக்குங்கள்.

அதன் பிறகே புரோப்பைக் கீழே வைத்து, ஊசியை அசைக்காமல் பிடித்துக்கொண்டு, கேனுலாவை அதன்மேல் வழுக்கி உள்ளே செலுத்த வேண்டும். எண்ணெயில் வழுக்குவதுபோல் போக வேண்டும். முழு நீளமும் உள்ளே போனதும் டூர்னிகெட்டை அவிழ்த்து, கேனுலாவின் முனைக்கு மேலே சிரையை விரலால் அழுத்தியபடி ஊசியை எடுத்து, நேரே கழிவுப் பெட்டியில் போடுங்கள்.

9. கேனுலா போக மறுத்தால்

வலிந்து தள்ள வேண்டாம். புரோப்பை எடுத்து நெடுக்கு வெட்டில் பாருங்கள். காரணம் பெரும்பாலும் கண்ணுக்கே தெரியும். முனை கீழ்ச்சுவரில் பதிந்திருந்தால், ரத்தம் வரும்வரை ஓரிரு மி.மீ. பின்னிழுத்து, கோணத்தைத் தாழ்த்தி மறுபடி முயலலாம். வால்வில் முட்டி நின்றால், ஊசியை எடுத்துவிட்டுச் சலைனை மெல்லச் செலுத்திக்கொண்டே கேனுலாவை முன்னே தள்ளிப் பாருங்கள். நீரோட்டம் வால்வைத் திறக்கக்கூடும். ஆனால் முனை சிரைக்குள்தான் இருக்கிறது என்பது உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே இதைச் செய்ய வேண்டும்.

ஒருமுறை வெளியே எடுத்த ஊசியை மீண்டும் கேனுலாவுக்குள் நுழைக்கவே கூடாது. ஊசி கேனுலாவின் சுவரைச் சீவி, துண்டு ரத்த ஓட்டத்தில் போய்விடும்.

குத்தும்போது விரல்களுக்கு மின்னல்போல் வலி பாய்ந்தது என்று நோயாளி சொன்னால் ஊசி நரம்பைத் தொட்டிருக்கிறது. உடனே வெளியே எடுத்து வேறு இடத்துக்குப் போங்கள். பிரகாசமான சிவப்பு ரத்தம் துடித்து வந்தால் தமனி. வெளியே எடுத்து, குறைந்தது 5 நிமிடம் நேரடியாக அழுத்திப் பிடியுங்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவருக்கு இன்னும் நீண்ட நேரம். பிறகு மணிக்கட்டில் நாடியையும் விரல்களின் நிறத்தையும் பாருங்கள்.

இரண்டு முறை தவறினால் வேறொருவரிடம் கொடுங்கள். மூன்றாவது முயற்சியில் கை மாறியிருக்காது, பொறுமை மட்டும் குறைந்திருக்கும்.

10. உறுதிசெய்தல்

ரத்தம் தாராளமாக உறிஞ்ச வருகிறதா என்று பார்த்த பிறகு, கேனுலா முனைக்கு மேலே, தோள் பக்கத்தில், புரோப்பை வைத்துக்கொண்டு 5 மி.லி. சலைனை விரைவாகச் செலுத்துங்கள். சரியான இடத்தில் இருந்தால் சிரையின் கறுப்பு வட்டத்துக்குள் வெண்துகள்கள் சுழன்று ஓடுவது தெரியும். வட்டத்துக்கு வெளியே, தசை அடுக்குகளுக்கு இடையே கறுப்பாக நீர் பிரிந்து பரவினால் கேனுலா வெளியே இருக்கிறது; அதை எடுத்துவிட வேண்டும். மேற்கைச் சிரைகளில் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. அங்கே 10 மி.லி. வெளியே போனாலும் தோலில் ஒன்றும் தெரியாது.

நெடுக்கு வெட்டில் திருப்பி, இரண்டு இணைக்கோடுகளாகத் தெரியும் கேனுலா சிரைக்குள் எவ்வளவு நீளம் இருக்கிறது என்பதையும் ஒருமுறை பாருங்கள். 5ஆம் பகுதியில் போட்ட கணக்கு சரியாக வந்ததா என்பது இங்கே தெரிந்துவிடும்.

11. ஒட்டுதல், குறித்தல், கண்காணித்தல்

ஜெல்லை முழுதும் துடைத்தெடுங்கள். கேனுலாவின் இறக்கைகளுக்கு அடியில் தங்கிவிடும் மெல்லிய ஜெல் படலம்தான் பல ஒட்டுப்படலங்கள் அன்றிரவே பெயர்ந்து வருவதற்குக் காரணம். ஈரமான காஸால் துடைத்து, உலர்ந்த காஸால் ஒற்றி, கிருமிநாசினி இட்டு உலர்ந்த பிறகு ஒட்டுங்கள். குத்திய இடம் ஒட்டுப்படலத்தின் வழியே தெரிய வேண்டும். அதன்மேல் பிளாஸ்டரைச் சுற்றி மறைக்கக் கூடாது. இணைப்புக் குழாயைத் தனியே ஒரு வளையமாக ஒட்டினால், குழாய் இழுபடும்போது அந்த இழுப்பு கேனுலாவை எட்டாது.

தேதி, நேரம், கேனுலாவின் கேஜ், நீளம், எந்தச் சிரை, எவ்வளவு ஆழம், அல்ட்ராசவுண்ட் துணையுடன் போடப்பட்டது என்னும் விவரங்களைக் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். சி.டி. ஸ்கேனுக்கு நோயாளி அனுப்பப்பட்டால் கான்ட்ராஸ்ட் (படம் தெளிவாகத் தெரியச் செய்யும் மருந்து) செலுத்துபவருக்கும் இது தெரிய வேண்டும். மேற்கையின் ஆழச் சிரையில் உயர் அழுத்தத்தில் கான்ட்ராஸ்ட் செலுத்தும்போது கசிவு நேரும் வாய்ப்பு அதிகம் என்பதால், முன்கையில் வேறு வழி இருந்தால் அவர்கள் அதையே விரும்புவார்கள்.

முதல் 24 மணி நேரம்தான் இந்தக் கேனுலாக்களுக்குச் சோதனைக் காலம். பணி மாறும் ஒவ்வொரு முறையும், மருந்து கொடுப்பதற்கு முன்பும், இரண்டு கைகளையும் பக்கத்தில் வைத்துச் சுற்றளவை ஒப்பிட்டுப் பாருங்கள். குத்திய இடத்தை மட்டும் பார்த்தால் ஆழத்தில் உள்ள கசிவு கண்ணுக்குத் தப்பிவிடும். இறுக்கம், மதமதப்பு, விரலில் கூச்சம் என்று நோயாளி எதைச் சொன்னாலும் சொட்டு ஓடுகிறதே என்று விட்டுவிடாமல், திரவத்தை நிறுத்திவிட்டுப் புரோப்பை வைத்துப் பாருங்கள். தசைக்குள் கசியும் திரவமும் நீண்ட நேரம் தங்குதடையின்றிச் சொட்டிக்கொண்டுதான் இருக்கும்.